ஃபெஸ்டர் என்றால் திருவிழா அல்ல

புண் கட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் மருந்துகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. எந்தப் புண்ணுக்கு எந்தக் களிம்பு, எப்போது கட்டு மாற்றுவது என்பதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. என் காலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. நான் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்தச் சொல்லால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு வேலை போகப் பார்த்தது, ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குக் கால் போகப் பார்த்தது, ஓர் ஆட்டோக்காரருக்கு மானம் போயே போய்விட்டது.

சொல் இதுதான்: ஃபெஸ்டர். புண் ஆறாமல் உள்ளுக்குள்ளேயே சீழ் வைத்து நாளுக்கு நாள் மோசமாவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். நான் நர்சாக இருந்த காலம் முழுவதும் அந்தச் சொல்லை ஒரு கேஸ் ஷீட்டிலும் பார்த்ததில்லை. டாக்டர்கள் 'இன்ஃபெக்ஷன்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஃபெஸ்டர் என்பது அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் பேசுகிற இங்கிலீஷ். நமக்கு அதுதான் தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. திருவண்ணாமலையில் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் அங்கே டிரஸ்ஸிங் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் நான் விமலா சிஸ்டர். வரவேற்பில் சங்கீதா என்று ஒரு பெண் இருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். சுறுசுறுப்பானவள், யாரிடமும் முகம் சுளிக்கமாட்டாள். ஆங்கிலத்தில் அவளுக்கு மூன்று வாக்கியங்கள் சுத்தமாக வரும்: "எஸ் மேடம்", "ஷ்யூர் மேடம்", "நோ ப்ராப்ளம் மேடம்". இந்த மூன்றையும் முன்னே பின்னே மாற்றிப்போட்டு, ரமணாசிரமம் பக்கத்திலிருந்து வரும் அத்தனை நாட்டுக்காரர்களையும் அவள் சமாளித்துவிடுவாள். அவர்களும் சந்தோஷமாகத்தான் போவார்கள். இன்னொரு தளத்தில் இருக்க வேண்டியவர்கள் சில சமயம் என் டிரஸ்ஸிங் ரூம் வாசலில் நிற்பார்கள், அவ்வளவுதான்.

டோரதி அம்மா இங்கிலாந்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார். செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜெயந்தி என்பவருடைய வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலை சுற்றுவார். வழியில் யார் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாலும் மறுக்கமாட்டார். கொஞ்சம் தமிழ் பேசுவார். அவர் பேசிய இங்கிலீஷையும் நான் உங்களுக்குத் தமிழிலேயே சொல்கிறேன்.

தீபத் திருவிழா வாரம். ஊரில் லாட்ஜ் எல்லாம் நிறைந்து, எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே வெளியூர்க்காரர்கள் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் டோரதி அம்மா வரவேற்புக்குப் போன் செய்தார். அன்று என்ன நடந்தது என்பதை அவரிடமும் சங்கீதாவிடமும் பிற்பாடு தனித்தனியாகக் கேட்டு நான் ஒட்டவைத்ததைச் சொல்கிறேன்.

"மை ஃபுட் இஸ் ஃபெஸ்டரிங்" என்றார் டோரதி அம்மா.

அவர் சொன்னது கால். சங்கீதா காதில் விழுந்தது சாப்பாடு. அதற்கு அடுத்து வந்த சொல் திருவிழா என்று அவள் முடிவு செய்தாள். சாப்பாடு, திருவிழா. வேறென்ன? இந்த அம்மா அன்னதானம் எங்கே நடக்கிறது என்று கேட்கிறார்.

"எஸ் மேடம்! ஃபெஸ்டிவல் ஃபுட், ஃப்ரீ மேடம்! ஈசான்ய லிங்கம் நியர், பிக் பந்தல் மேடம். ஹாப்பி ஃபெஸ்டிவல்!" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டோரதி அம்மா டீச்சர் அல்லவா? விடவில்லை. மறுபடி கூப்பிட்டார். பின் வரிசை மாணவனுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னார். திருவிழா இல்லை, ஃபெஸ்டர். புண். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்கும் மூலம் லத்தீன். லத்தீனில் அது ஃபிஸ்டுலா.

மூச்சு முட்டிக்கொண்டிருந்த சங்கீதாவுக்கு ஒரு சொல் பிடிபட்டது. ஃபிஸ்டுலா! ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறதே. பைல்ஸ், ஃபிஸ்டுலா. மூலம், பவுத்திரம். அவளுக்கு டோரதி அம்மாமீது உண்மையாகவே பரிதாபம் வந்துவிட்டது. பாவம், வயசான பொம்பளை, வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஏதேதோ சுற்றிவளைத்துச் சொல்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு டாக்டர் இல்லை. ஆனால் உதவாமல் விடக்கூடாது. டோரதி அம்மாவை வழக்கமாக ஏற்றிச்செல்லும் ஆட்டோக்காரர் ஏழுமலையின் நம்பர் வரவேற்பில் இருந்தது. அவரைக் கூப்பிட்டு, "அண்ணா, அந்த இங்கிலாந்து அம்மாவ போளூர் ரோட்டுல பவுத்திரம் பாக்கறவர்கிட்ட கூட்டிக்கினு போங்க. பாவம், ரொம்ப கஷ்டப்படறாங்க. ஒண்ணும் கேக்காதீங்க, கூச்சப்படுவாங்க" என்று சொல்லிவிட்டாள்.

இதில் யாருக்காவது கெட்ட எண்ணம் உண்டா சொல்லுங்கள். ஒருத்தருக்கும் இல்லை. எல்லோரும் உதவத்தான் பார்த்தார்கள்.

ஏழுமலை கூச்ச சுபாவக்காரர். அவர் பங்குக்கு வீட்டிலிருந்து ஒரு தலையணையை எடுத்து வந்து பின்சீட்டில் போட்டார். "மெதுவா ஒக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். இந்த மனிதருக்குத்தான் என் கஷ்டம் புரிந்திருக்கிறது என்று டோரதி அம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. தலையணையை எடுத்துக் கீழே போட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டார்.

போளூர் ரோட்டு வைத்தியர் அறையில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. திரும்பிப் படுங்கள் என்று அவர் சைகை காட்டினார். டோரதி அம்மா காலைத் தூக்கிக் காட்டினார். கால் வேண்டாம், திரும்புங்கள் என்று அவர் மறுபடி காட்டினார். அதற்கப்புறம் டோரதி அம்மா கையிலிருந்த குடை உயர்ந்தது. வெளியே நின்ற ஏழுமலைக்குக் கத்தல் மட்டும் கேட்டது. வெளியே வந்த டோரதி அம்மா வீடு வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மாடி ஏறி, இனி இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிப்பதில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு இது எதுவுமே தெரியாது. தீபத்தன்று காலை டூட்டிக்கு வந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் ஏழுமலை என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கி நின்றார்.

"இன்னா ஏழுமலை, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு இல்ல சிஸ்டர். நம்ம டோரதி அம்மாவுக்கு." குரலைத் தணித்தார். "பவுத்திரம். இப்ப ஜாஸ்தி ஆயிடுச்சு. வாடை வருதுனு வீட்டுக்கார அம்மா போன் பண்ணாங்க. ஜுரம் வேற."

"எப்படித் தெரியும் பவுத்திரம்னு?"

"சங்கீதா சொல்லுச்சு. ஆனா சிஸ்டர், ஒரு சந்தேகம். கால்ல கூட பவுத்திரம் வருமா?"

"கால்லயா?"

"ஆமாம் சிஸ்டர். கட்டு கால்லதான் போட்டுக்கினு இருக்காங்க."

நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். ஆம்புலன்ஸ் இரண்டும் கூட்டத்துக்குள் எங்கேயோ நின்றிருந்தன. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "நீங்க போய்ப் பாருங்க சிஸ்டர். கூட்டிட்டு வரணும்னா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். ஏழுமலை ஆட்டோவிலேயே ஏறினேன். மெயின் ரோட்டை விட்டுச் சந்து சந்தாக அவர் ஓட்டிக்கொண்டு போனார்.

டோரதி அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் சிவந்து கிடந்தது. என் யூனிஃபார்மைப் பார்த்ததும் முதல் கேள்வி: "நீங்கள் அந்த அன்னதான ஆஸ்பத்திரியா?"

"ஆமாம்மா" என்றேன். என்ன கேட்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பார்க்க மட்டும் செய்கிறேன், ஊசி போடமாட்டேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கிக் கட்டைப் பிரித்தேன். முதலில் ஒரு பட்டுத்துணி வந்தது. அதற்குக் கீழே தேன். காபிக் கடையில் யோகா சொல்லித்தரும் நண்பர் ஒருவர் கொடுத்தது. அதற்குக் கீழே மஞ்சள். "மஞ்சள் மட்டுந்தான் நான் வெச்சேன் சிஸ்டர், மீதிக்கு நான் பொறுப்பில்ல" என்றார் வீட்டுக்காரர் ஜெயந்தி. மஞ்சளுக்குக் கீழே கறுப்பாக ஏதோ பொடி. நான் நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் நின்ற ஏழுமலை, "காபித்தூள் சிஸ்டர். போன வாரம் ரத்தம் நிக்கும்னு நான்தான்... அதுவும் இதுவும் ஒண்ணுனு தெரியாது" என்று இழுத்தார்.

எல்லாவற்றையும் துடைத்த பிறகு, பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு சின்ன வாய் தெரிந்தது. பட்டாணி அளவுகூட இல்லை. ஆனால் பாதத்தின் மேல்புறம் வீங்கிப் பளபளத்தது. சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. நான் சுற்றிலும் விரலால் லேசாக அழுத்தினேன்.

"வலிக்குதாம்மா?"

"இல்லையே. வலியே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், இது சின்ன விஷயம்."

பிள்ளைகளே, நோயாளி ஐயோ அம்மா என்று கத்தினால் நான் பயந்ததில்லை. இப்படி வீங்கிய காலை அழுத்தும்போது ஒருவர் புன்னகையோடு வலியே இல்லை என்று சொன்னார் பாருங்கள், அப்போதுதான் பயந்தேன். எனக்கு உடனே சர்க்கரைப் பொங்கல் ஞாபகம் வந்தது. சுகர் எப்போதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்மா. வெரி பேட்" என்றேன்.

"வரமாட்டேன்."

ஜெயந்தி குறுக்கே புகுந்தார். "அம்மா, வரலைனா காலை எடுத்துடுவாங்க!" வெட்டுவதுபோல் கையால் காட்டியும் விட்டார். டோரதி அம்மா காலை வெடுக்கென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பயமுறுத்தினால் நோயாளி அதைத்தான் செய்வார். காலை உள்ளே இழுத்துக்கொள்வார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே மலை சுற்றும் கூட்டத்தின் இரைச்சல் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு ஆங்கிலத்தில் அதற்கு மேல் சொல் இல்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்வதுபோல, "புரையோடிப் போச்சே" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கேள்வி வந்தது. "அது என்ன சொல்?"

"எதும்மா?"

"இப்போது சொன்னீர்களே. புரை... புரை ஏறுவதா? தண்ணீர் குடிக்கும்போது?"

"அது தொண்டையில் ஏறுற புரை" என்றார் ஏழுமலை வாசலிலிருந்து. "புரை ஏறினா யாரோ நம்மள நெனைக்கிறாங்கனு அர்த்தம்மா."

"என் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று ஆபரேஷன் செய்தார்களே?"

ஜுரத்தில் கண் சொருகும் நிலையிலும் அவருக்கு ஒரு சொல் அகப்பட்டால் விடமுடியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்த வழியாகவே போகலாம் என்று தோன்றியது. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"இது வேறம்மா. எங்க ஊர்ல மரத்துக்குள்ள பொந்து விழுந்தா புரை விழுந்துடுச்சும்பாங்க. வெளியில பாத்தா சின்ன ஓட்டை. உள்ள நீளமா ஓடும். பைப் மாதிரி. புண்ணும் அப்படி ஆனா, புரையோடிப் போச்சுனு சொல்லுவோம்."

டோரதி அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண் முழுதாகத் திறந்தது.

"பைப்பா? குழாயா? நிச்சயமாகவா?"

"ஆமாம்மா, குழாய்தான்."

"ஃபிஸ்டுலா என்றாலும் லத்தீனில் குழாய்தான்! நாணல் குழாய், ஊதுகிற குழல்! அதுதான் ஆங்கிலத்தில் ஃபெஸ்டர் ஆனது. அங்கேயும் குழாய், இங்கேயும் குழாய். இரண்டு ஊர்க்காரர்களும் புண்ணைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்!" என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை நெருப்பாகக் கொதித்தது.

"அம்மா, நீங்க சொல்றது சரினா, இந்தக் குழாய் எதுவரைக்கும் போயிருக்குனு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் காலைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது. வாய் சின்னதா இருக்குது. அதுக்கு அந்தப் பக்கம் எவ்ளோ நீளம்னு திறந்து பாத்தாதான் தெரியும். பாக்கலாம், வாங்க."

போர்வையை விலக்கிக் காலை வெளியே நீட்டினார். பிறகு, "சரி. ஆனால் என்னைத் திரும்பிப் படுக்கச் சொல்லக் கூடாது" என்றார்.

ஜெயந்தியும் ஏழுமலையும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மாடியிலிருந்து இறக்கினார்கள். நான் சுத்தமான துணியால் புண்ணை மூடி மட்டும் வைத்தேன். அங்கேயே நோண்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. செய்யவில்லை. வீட்டில் குழாயின் வாயைத் திறந்துவிட்டு, ரோட்டில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

மாட்டிக்கொள்ளத்தான் செய்தோம். சந்தெல்லாம் தாண்டி ஒரு முனைக்கு வந்தபோது குறுக்கே தடுப்பு. அந்தப் பக்கம் தலைகள்தான் தெரிந்தன. எந்த ஊரிலிருந்தோ பந்தோபஸ்துக்கு வந்த ஒரு போலீஸ்காரர், வெயிலில் வெந்துபோய் நின்றிருந்தார்.

"வண்டி போவாது. திருப்பு."

"பேஷண்ட் சார்."

"காலைலேருந்து வர்ற எல்லாரும் பேஷண்ட்தான். இந்தம்மா நல்லாத்தானே ஒக்காந்துக்கினு இருக்காங்க? இன்னா கேஸு?"

நான் வாயைத் திறப்பதற்குள், பதற்றத்தில் ஏழுமலை கத்திவிட்டார். "பவுத்திரம் சார்!"

போலீஸ்காரர் முகம் அப்படியே மாறிப்போனது. ஆட்டோவுக்குள் குனிந்து டோரதி அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எவ்ளோ நாளா?" என்றார்.

"கொஞ்ச நாளா" என்றேன்.

"அய்யய்ய. ஒக்காரவும் முடியாது, நிக்கவும் முடியாது. அந்த அவஸ்தை எனக்குத் தெரியும்மா." தடுப்பைத் தானே இழுத்து விலக்கினார். அதோடு விட்டிருந்தால் போதும். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். "வழி விடுங்க! வழி விடுங்க! பவுத்திரம் கேஸு! ஒதுங்குங்க!"

கூட்டம் ஒதுங்கியது. அரோகரா சொல்லிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒரு பெண்மணி உள்ளே கைநீட்டி டோரதி அம்மாவுக்கு விபூதி பூசிவிட்டார். டோரதி அம்மா ராணி மாதிரி எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே வந்தார். ஏழுமலை தலையை ஹேண்டில்பாருக்குக் கீழே கொண்டுபோய்விட்டார். அந்தக் கூட்டத்தில் அவருடைய மச்சான் குடும்பம் நின்றதாகவும், வியாதி அவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டதாகவும் பிறகு தெரிந்தது. இன்றுவரை அந்த வீட்டு விசேஷங்களில் அவருக்குக் காரம் இல்லாமல்தான் பரிமாறுகிறார்களாம்.

நான் போலீஸ்காரரைத் திருத்தியிருக்கலாம். சார், இது காலில் சீழ், சுகராக இருக்கலாம் என்று விளக்கியிருக்கலாம். அவர் காலைக் காட்டச் சொல்லியிருப்பார், சின்ன ஓட்டையைப் பார்த்து வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் எனக்குத் திறந்த ரோடு வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்ததை இன்றும் சரி என்றே நினைக்கிறேன்.

"அவர் என்ன அறிவிக்கிறார்?" என்று டோரதி அம்மா கேட்டார்.

"நீங்க சொன்ன ஃபிஸ்டுலாதாம்மா" என்றார் ஏழுமலை, தலையைத் தூக்காமலேயே.

டோரதி அம்மா கொஞ்சம் யோசித்தார். "சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அவர் சொல்வது தப்பில்லை" என்றார்.

சுகர் பார்த்தோம். எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் மெஷினை மாற்றி இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அதிலும் அதேதான். அன்றே சர்ஜன் காலைத் திறந்தார். அந்தப் பட்டாணி வாய்க்குள் போன கருவி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், பாதத்தின் பாதி வழியில், கறுத்துப்போன ஒரு கருவேல முள் வந்தது. எந்தப் பௌர்ணமியில் ஏறியதோ. சர்க்கரையால் கால் மரத்திருந்ததால் முள் குத்தியதும் தெரியவில்லை, உள்ளே அழுகியதும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விரலோடு போயிருக்காது என்று சர்ஜன் என்னிடம் சொன்னார். விரலும் தப்பியது. டோரதி அம்மா கண்விழித்ததும் கேட்டது, "எவ்வளவு நீளம்?" நான் என் சுண்டுவிரலைக் காட்டினேன். மிகுந்த திருப்தியோடு மறுபடி தூங்கிப்போனார்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

வார்டில் தினமும் நான் கட்டு மாற்றும்போது அவர் கலகலப்பாகப் பேசுவார். சீழ், பொருக்கு, தழும்பு என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார். புண் ஆறுகிறது, காபியும் ஆறுகிறது என்றதும் அவருக்குக் குஷி தாங்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், "டாக்டர், என் காபி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். ஆனால் போளூர் ரோட்டு வைத்தியர் பேச்சையோ, போன் செய்த பேச்சையோ யாராவது எடுத்தால் உதடு கோடாக ஒட்டிக்கொள்ளும். முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும்.

கீழே மேனேஜர் வேறு பதறிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர், ஊர் உலகத்துக்கே தெரியும்படி இன்டர்நெட்டில் எழுதிவிட்டால்? அந்த அம்மா ஒரு வார்த்தை புகார் சொன்னாலும் உனக்கு இங்கே வேலை இல்லை என்று சங்கீதாவிடம் சொல்லிவிட்டார். அவள் டோரதி அம்மா இருந்த மாடிப் பக்கமே வருவதில்லை. சிரிப்பும் இல்லை. "எஸ் மேடம்" கூட முனகலாகத்தான் வந்தது.

டோரதி அம்மா ஒருமுறை எனக்குச் சொல்லியிருந்தார்: ஃபெஸ்டர் என்பது புண்ணுக்கு மட்டும் உள்ள சொல் இல்லையாம். வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டே இருக்கும் கோபத்துக்கும் அதையே சொல்வார்களாம். அதைச் சொன்னபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. இரண்டு இடத்திலும் வாய் மூடியிருந்தது.

எனக்கு இதில் தலையிட அதிகாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வந்துவிட்டது. இப்படியே இரண்டு பேரும் போய்விட்டால், அந்த அம்மா இன்னொரு முறை முள் குத்தினால் எங்களைக் கூப்பிடமாட்டார். இந்தப் பெண் இன்னொரு முறை போனை எடுக்கவே பயப்படுவாள். வரவேற்புக்குப் போய், "டிரே பிடிக்க ஆள் இல்ல, கொஞ்சம் வா" என்று சங்கீதாவைக் கூப்பிட்டேன்.

"நான் நர்ஸ் இல்லையே சிஸ்டர்."

"டிரேவுக்குத் தெரியாது. வா."

அறைக்குள் நுழைந்து, கட்டிலில் யார் என்று பார்த்ததும் அவள் டிரேயை முகம் மறையத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். டோரதி அம்மா அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரையும் அதன் கீழே 'ரிசப்ஷன்' என்று இருந்ததையும் படித்தார். உதடு ஒட்டிக்கொண்டது. நான் கட்டைப் பிரித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் பேசவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நாம் நடுவில் பேசினால் இரண்டு பேரும் நம்மைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் சங்கீதாவுக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. தமிழிலேயே கொட்டினாள். "மேடம், நீங்க அன்னிக்குப் பேசினது எனக்கு ஒண்ணுமே புரியல. புரியலைனு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. இங்கிலீஷ் தெரியும்னு சொல்லித்தான் வேலை வாங்கினேன். சும்மா சும்மா எஸ் மேடம்னு சொல்லிக்கினே இருந்தேன். உங்க காலு போயிருந்தா..." டிரேயைப் பிடித்தபடியே அழுதாள்.

டோரதி அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தபடி ஒரே வரியில் சொன்னேன்: உங்கள் பேச்சு புரியவில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டாள்.

அவர் நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த பஞ்சோடு காத்திருந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. வேலையில் உங்களுக்குத் தெரியாத மொழி, தெரியாத மருந்து, தெரியாத வியாதி எல்லாம் வரும். புரியவில்லை என்று சொன்னால் அந்த ஒரு நிமிஷம் முகம் சுருங்கும், அவ்வளவுதான். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேளுங்கள். எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொட்டுக் காட்டியிருந்தால் கால் என்று அப்போதே தெரிந்திருக்கும். நோயாளிக்கும் அதையே சொல்லிக்கொடுங்கள். அவர்களும் நம்மிடம் தலையாட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

இதை நான் அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். ஏனென்றால் டோரதி அம்மா கடைசியில் வாயைத் திறந்தபோது சங்கீதாவைத் திட்டவில்லை. "இங்கே உட்கார்" என்று கட்டிலைக் காட்டினார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக அடுக்கிச் சொன்னார்.

"நானும் அப்படித்தான். ஜெயந்தி ஒருநாள் மேலே வந்து நிறையப் பேசினாங்க. எனக்குப் புரியல. டீச்சர் இல்லையா, வெக்கம். சரி, சரி, சரின்னு சொன்னேன். சாயந்தரம் பாத்தா என் பாத்ரூம்ல ஒரு ஆடு."

சங்கீதா அழுகையை நிறுத்தினாள். "ஆடா மேடம்?"

"பெரிய ஆடு. கொம்பு இருக்கு. ஊர்லேருந்து அவங்க தம்பி வரும் வரைக்கும் அங்கதான். நான் சரி சொல்லிட்டேனே, எப்படி வேண்டாம் சொல்றது? நான் பக்கத்து வீட்டில குளிச்சேன்."

சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு பீறிட்டு வந்தது. டிரேயில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. நானும் பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். டோரதி அம்மா மட்டும் சிரிக்காமல் டீச்சர் மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

"அப்புறம் ஆடு என்னாச்சு மேடம்?"

"தம்பி வந்து கீழேருந்து ஹேய்னு கூப்பிட்டார், போயிடுச்சு. அதுக்குத் தமிழ் புரியுது."